மாலை போடாத படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வற்றியதா? எண்ணெய் பூசாமல் விடாதீர்கள். நான் சுகம்.

சனிக்கிழமை இங்கே லண்டனில் இன்னொரு நாட்டில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலத்துக்கு, எங்கள் போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடையப் போய்த் திரும்பாத அப்பாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நெரிசலில் படம் கிழிந்துவிட்டது. எனக்கு மூக்குக்கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.

வீட்டுக்காரர் தவராசா மாமா சிரித்தார். "இரண்டாயிரத்து ஒன்பதிலை நாங்களும் உந்த றோட்டிலை மாசக்கணக்கா நிண்டனாங்கள், பிள்ளை. ஊரிலை வந்து விழுந்த ஷெல்லிலை ஒண்டாவது குறைஞ்சதே?"

"இல்லை மாமா. ஆனா நீங்கள் நிண்டபடியாலைதான், தெரியாது எண்டு இஞ்சத்தை அரசாங்கம் சொல்லேலாமல் கிடக்கு. நான் சாகுமட்டும் சொல்ல விடமாட்டன்," என்றேன்.

ஊர்வலம் போரை நிறுத்தாது என்று எனக்கும் தெரியும். குண்டு போட்டவனுக்கும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் சோறு தொண்டையில் இறங்கக் கூடாது என்றுதான் போகிறேன்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்யச் சித்தப்பா நெருக்குகிறார் என்று சொன்னீர்கள். செய்ய வேண்டாம். நாங்களே அவரைச் செத்தவராக்கினால், கொண்டுபோனவனிடம் பிறகு யார் கேட்பது?

நீங்கள் பனங்கிழங்கை அவித்துக் காயவைக்கும் புளுக்கொடியலில் கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்க ஆளில்லை, எதையாவது சப்பிக்கொண்டிருக்கலாம்.

பஸ் வருகிறது. அடுத்த மாதமும் ஊர்வலம் இருக்கிறது. அப்பாவின் வேறு படம் வேண்டும். சித்தப்பா மாலை போட்டு வைத்தது வேண்டாம். இடுப்பில் சாரம் கட்டியபடி சிரித்துக்கொண்டு நிற்பாரே, அது.

உங்கள் மகள்,
மதுராங்கி