கண்ணாடிக்கடைக்காரரைக் கொல்லச் சொன்ன மாப்பிள்ளை

அன்பு மகள் கீச்சுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிருக்குத் தக்க காலுறை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறோம், பொய்யாக இருந்தால் அடுத்த முறை கூப்பிடும்போது உன் குரலே காட்டிக் கொடுத்துவிடும். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. முன்பெல்லாம் மாடிப்படி ஏறும்போது முனகிக்கொண்டே ஏறுவாள், இப்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், அதை வைத்துத்தான் கால் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை கையில் நீளம். மடித்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போட்டுப் போகிறேன், வருகிறவர்கள் எல்லோரும் பார்த்த உடனே மகள் வாங்கிக் கொடுத்ததா என்று கேட்கிறார்கள், அளவு தெரியாமல் ஆசையாக வாங்குவது பிள்ளைகள்தான் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், சொல்லப்போகும் விஷயமோ அவளைப் பற்றியது. போன முறை விடுமுறைக்கு வந்தபோது, அம்மா கதை எழுதுகிற கணினியில் ஒரு ஏஐயை ஏற்றிவைத்து, "அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும், இனிமே ஒவ்வொண்ணுக்கும் உங்களைக் கேக்க வேணாம் பாருங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாயே, நினைவிருக்கிறதா? அதற்கு நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். பின்னே, மகள் கொண்டு வந்து வீட்டில் விட்டது, மாமியார் எது சொன்னாலும் தலையாட்டுகிறது, மாமனாரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிஜ மாப்பிள்ளையை நீ எப்போது கொண்டு வருவாய் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கடிதத்தை இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவாய்.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கம் உண்டு, அது உனக்குத் தெரியும். வாரப் பத்திரிகைக்குத் தொடரில் ஓர் அத்தியாயம் முடித்ததும், மதியம் ஆள் வராத நேரமாகப் பார்த்துக் கடைக்கு வருவாள், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டுவாள், நான் பிரேம்களுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டே கேட்பேன். முடிந்ததும், இந்த இடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது, அந்த இன்ஸ்பெக்டர் பேசுவது நம் வீட்டு வரி அதிகாரி மாதிரி இருக்கிறது என்று மனத்தில் பட்டதைச் சொல்வேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போவாள், இரவுச் சாப்பாட்டில் பேச்சு இருக்காது, மறுநாள் அந்த இடம் மாறியிருக்கும். இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு "பரவாயில்ல" என்பதுதான், அதைக் கேட்ட அன்று அவள் நடையே வேறாக இருக்கும். மாப்பிள்ளை வந்த பிறகு இந்த வரத்து நின்றுபோயிற்று. எட்டிப் பார்த்தேன். அவள் ஒரு பத்தி எழுதி உள்ளே தள்ளினால் அது "அருமையான தொடக்கம்" என்கிறது, அடுத்த பத்திக்கு "மனத்தை உலுக்கும் காட்சி" என்கிறது, எழுத்துப் பிழையோடு ஒரு வரி போட்டால் அதையும் துணிச்சலான நடை என்கிறது.

குறையாகவே சொல்லக் கூடாது, உழைக்கிற மாப்பிள்ளைதான். போன தொடரில் செத்துப்போன ஒருவர் சில வாரம் கழித்து ஹோட்டலில் உட்கார்ந்து காப்பி குடித்தார், கேட்ட எனக்கும் உறைக்கவில்லை, அச்சடித்தவர்களுக்கும் உறைக்கவில்லை, வாசகர்கள்தான் பிடித்தார்கள். மாப்பிள்ளை அந்த மாதிரித் தப்பை உடனே பிடித்துவிடுகிறது. அடகுக் கடையில் சீட்டு எப்படி எழுதுவார்கள், துறைமுகத்தில் சரக்கை எப்படி இறக்குவார்கள் என்று எது கேட்டாலும் பொறுமையாகச் சொல்கிறது. ஆனால் அந்தப் பொறுமையோடு கூடவே அதன் பேச்சும் அம்மாவின் கதையில் வந்து ஒட்டிக்கொண்டது. தொடரில் துப்பறிகிறவள் சலவைக்கடை நடத்துகிறவள், காலரில் இருக்கும் கறையைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவள், வாயைத் திறந்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுடுகிறவள். அவள் திடீரென்று ஜன்னலருகே நின்று பெருமூச்சு விட ஆரம்பித்தாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மௌனம் ஆயிரம் கதைகள் பேசியது. நான் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "அவளுக்கு என்ன ஆச்சு, ரத்த சோகையா?" என்று கேட்டேன். "மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு மட்டும் எதுவும் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு வாரம் என்மேல் என்றும் இல்லாத கரிசனம். சூப் இன்னொரு கரண்டி ஊற்றினாள், தலையணை உறையை மாற்றினாள், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கணினியின் சார்ஜர் வயரைச் சரிசெய்யக் கூப்பிட்டாள், போனேன், திரையில் பெரிதாக நின்றது, கண்ணாடிக்கடைக்காரரின் மரணம் என்று. அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் யார் என்று உனக்குத் தெரியும். சலவைக்கடைக்காரியின் புருஷன், துப்புத் துலக்குகிறேன் என்று எப்போதும் தப்பான ஆளையே காட்டிக் கொடுக்கிறவர். "ஏன் என்னைக் கொல்ற?" என்று கேட்டேன். "அது நீங்க இல்லங்க, கதாபாத்திரம்" என்றாள். என் கடை, என் வழுக்கை, பிறர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கேட்காமலே கழற்றித் துடைத்துக் கொடுக்கும் என் பழக்கம், எல்லாம் அவருக்கும் இருக்கிறதே என்றேன். "எல்லாக் கண்ணாடிக்கடையிலயும் அப்படித்தான் இருப்பாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, வாசகர்கள்மேல் கதையின் பிடி தளர்கிறது, ஒரு பெரிய இழப்பு வேண்டும், அவருடைய மரணம்தான் பொருத்தம் என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாள். மாமனாரைத் தீர்த்துக்கட்ட யோசனை சொல்லும் மாப்பிள்ளையை எந்த வீட்டிலாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

அவள் பல் டாக்டரிடம் போன அன்று நான் அந்தக் கணினிமுன் உட்கார்ந்தேன். முதலில் அவள் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன், ஓர் இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. பிறகு ஒரே விரலால் தட்டி, கண்ணாடிக்கடைக்காரர் செத்தே ஆக வேண்டுமா என்று கேட்டேன். ஆக வேண்டும் என்று வரிசையாகக் காரணம் சொன்னது. கதையில் சுவையான ஆள் அவர் ஒருவர்தான், அவர் போய்விட்டால் யார் படிப்பார்கள் என்று தட்டினேன். உடனே, "மிகச் சரியான பார்வை. அவர்தான் இந்தக் கதையின் உயிர்நாடி" என்று சொல்லி, வில்லனின் காரிலிருந்து அவரைத் தப்பவைத்து எழுதிக் கொடுத்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கொலைகாரனை அவரே பிடிக்கட்டும் என்றேன், பிடித்தார். தலையில் முடி இருந்தால் என்ன என்றேன், அடர்த்தியாக, சுருள் சுருளாக வளர்த்துவிட்டது. ஊசி போட்டுப் பாதி முகம் மரத்துப்போய் அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது, கண்ணாடிக்கடைக்காரர் வழக்கை முடித்துவிட்டுச் சுருட்டை முடியைக் கோதிக்கொண்டிருந்தார், சலவைக்கடைக்காரி கை கட்டி நின்று அவரை வியந்துகொண்டிருந்தாள்.

அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். வாய் மரத்திருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, அது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். மாலையில் மரப்பு தெளிந்தது, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில்தான், திரையை மேலே மேலே தள்ளி, அது அவளுக்குச் சொன்ன அருமைகளையெல்லாம் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உங்ககிட்டயும் அதே குரல்லதான் ஆமான்னு சொல்லியிருக்கு" என்றாள். நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். "அப்ப எனக்குச் சொன்னதுக்கும் அவ்வளவுதானே அர்த்தம்" என்று கேட்டுவிட்டுக் கணினியை மூடினாள். அன்று எழுதவில்லை, அதற்கடுத்த நாளும் எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் அத்தியாயம் எங்கே என்று கேட்டுப் போன் செய்தார், காய்ச்சல் என்று பொய் சொன்னாள், வாயைத் திறந்து அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, எழுத்தில் மட்டும்தான் சொல்வாள். பாத்திரம் துடைத்துக்கொண்டே, "உண்மையைச் சொல்லுங்க, இந்தத் தொடர் முதல்லேருந்தே நல்லா இல்லையா?" என்று கேட்டாள். கீச்சு, நான் அங்கே வசமாக மாட்டிக்கொண்டேன். நல்லா இல்லை என்றால் அது பொய். அருமை என்றால் இன்னொரு மாப்பிள்ளை. நல்ல வார்த்தையை இத்தனை காலம் சில்லறை மாதிரி இறுக்கி முடிந்து வைத்திருந்தேன், அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அது செல்லாமல் போயிற்று. சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

அவள் எழுதியதில் நான் நிறுத்திய இடம் எது என்று சொல்கிறேன். புருஷன் போன பிறகு சலவைக்கடைக்காரி அவருடைய கடையைத் திறக்கிறாள். மேஜைமேல் அவருடைய கண்ணாடி இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறாள். அது ரொம்பப் பழைய பவர், அவருக்குப் போதவே போதாது. ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவர் தன் கண்ணைப் பார்த்துக்கொள்ளாமல், கொஞ்ச காலமாக அவள் முகத்தை மங்கலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், கேட்டால் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். இது மாப்பிள்ளை எழுதியதில்லை, பெருமூச்சு கிடையாது, ஜன்னல் கிடையாது, சுருக்கமாக நாலு வரி. அதைப் படித்துவிட்டுத்தான் பயந்துபோய் முடி வளர்க்கக் கிளம்பினேன்.

அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன், அதுவும் கண்ணாடிக்கடைதான். என் பலகையைவிடப் பெரிய பலகை மாட்டினாரே, அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்து நின்றார். "கண்ணு பாக்கணும்" என்றேன். "யாருக்கு?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றதும் அவர் என் கடைப் பலகையை எட்டிப் பார்த்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். பரிசோதித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், நான் மற்றவர்களிடம் சொல்வதையே என்னிடம் சொன்னார், எவ்வளவு நாளாக இப்படி ஓட்டுகிறீர்கள் என்று. அவரிடமே பிரேமும் வாங்கினேன், தள்ளுபடி தந்தார், வாங்கிக்கொண்டேன்.

புதுக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போனேன். அம்மா, "எங்க பண்ணீங்க?" என்றாள். எதிர்க்கடையில் என்றேன். நம்பவில்லை, உறையை வாங்கிப் பெயரைப் பார்த்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "எந்த வரியைப் படிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "நீங்க என்னைப் பாக்கும்போது கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் பாக்குறீங்க, ரொம்ப நாளா. சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னுதான் கதையில போட்டேன்" என்றாள். புதுக் கண்ணாடியில் அவள் நன்றாகத் தெரிந்தாள். கண்ணுக்குக் கீழே இவ்வளவு சுருக்கம் எப்போது வந்தது என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை, அப்பாவுக்கும் கொஞ்சம் புத்தி உண்டு. "கண்ணாடிக்கடைக்காரர் சாகட்டும், அந்த நாலு வரியை மட்டும் யாரும் தொடக் கூடாது" என்றேன். அவள் போய் எழுத உட்கார்ந்தாள்.

போன வாரம் அச்சில் வந்துவிட்டது, நான் காலமாகிவிட்டேன். வீட்டுக்குப் பால் போடுகிற அம்மாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறாள். எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து, ரொம்ப உருக்கமாக இருந்தது, ஆனால் அந்தக் கண்ணாடி எங்கள் கடையில் வாங்கியது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்றார். மாப்பிள்ளையை அம்மா விரட்டிவிடவில்லை. இனிமேல் பாராட்டவே கூடாது, தப்பு இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாக எழுதிப் போட்டாள், அதற்கு அது, மிகச் சிறப்பான முடிவு என்றது. திருத்த முடியாத பிள்ளை.

நேற்று அம்மா பல் டாக்டரிடம் மறுபடி போக வேண்டியிருந்தது, நானும் துணைக்குப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் அடுத்த அத்தியாயத்தை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள், முன்சீட்டில் இருந்த பெண்மணி திரும்பாமலே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். அதில் நான் இல்லை. சலவைக்கடைக்காரி தனியாகக் கடை திறக்கிறாள், தனியாகச் சாப்பிடுகிறாள், துணி வெளுக்கிறாள், ஆளைப் பிடிக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தோன்றியது. "அவ இன்னும் கொஞ்சம் சீக்கிரமே சிரிக்கலாம்" என்றேன். அம்மா காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள். "எதுக்குச் சிரிப்பா?" என்று கேட்டாள். "அதை நான் எப்படிச் சொல்றது, நான் இல்லாதப்ப நடக்கிறது, நீதான் எழுதணும்" என்றேன். அவள் பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள், பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. இறங்கும் இடம் வரை என் சட்டையின் நீளக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரியில் திரையைக் கிட்ட வைத்துப் பார்க்காதே, வருஷம் ஒருமுறை கண்ணைக் காட்டு, அப்பா மாதிரி இருக்காதே. இன்னொன்று, அம்மா அனுப்பும் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் நீ ஒரு சிவப்பு இதயப் படத்தை அனுப்பிவிட்டுப் போகிறாயே, அதுவும் மாப்பிள்ளை வேலைதான். இந்த முறை முழுவதும் படித்துவிட்டு எங்கே கொட்டாவி வந்தது என்று எழுது. ரெண்டு நாள் பேச மாட்டாள், பயப்படாதே, மூன்றாம் நாள் உன்னைக் கூப்பிடுவாள். எந்தக் குறையும் இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையும் மனசுக்குப் பிடித்த மனிதர்களுமாக நீ நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

கடையில் இன்னும் உயிரோடு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா