டப்பாவுக்குத் தெரியாத தேதி

அம்மா,

தேதி முத்திரையின் ரப்பர் சக்கரத்தைத் திருப்பினேன். ஊதா மை மறுபடியும் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அடுப்படி முழுக்க கிறிஸ்துமஸ் கேக் மணக்கிறது. ஆனால் என் மூக்கில் ஏறுவதென்னவோ இந்த மை வாடைதான். ஏறியதும் நீ வந்துவிடுகிறாய், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் உன்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன்னோடு வேலை பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சப் போனார்கள். நீ அஞ்சல் வழியில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் படிக்கச் சேர்ந்தாய். தல்லாகுளம் வீட்டுக்குப் புத்தகப் பார்சல் வந்த அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. நான் முட்டை அடிப்பேன், நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாய். எது கலப்படம், எது தரக்குறைவு, லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும், எல்லாம் என் காதிலும் விழுந்தது. "தெரியாம செஞ்சுட்டேன்னு சட்டத்துக்கிட்ட சொல்ல முடியாதுடி" என்பாய். நான் சிரித்துக்கொண்டே வெறும் வெள்ளை டப்பாவில் கேக்கை அடுக்குவேன். என்னைக் கட்டின மனுஷன் விட்டுவிட்டுப் போன பிறகு எனக்கும் என் மகளுக்கும் சோறு போட்டது அந்த வெள்ளை டப்பாதான்.

அப்புறம் அந்த அசைன்மென்ட் வந்தது. உங்கள் பகுதியில் ஓர் உணவுத் தொழிலைப் பார்வையிட்டுக் குறைகளை எழுதுக. கோர்ட்டு வாசலில் வடைக்கடை இல்லையா? எதிர்வரிசையில் புரோட்டா ஸ்டால் இல்லையா? நீ என் அடுப்படியை எழுதினாய். பதிவு இல்லை, தயாரித்த தேதி இல்லை, முட்டை போட்ட கேக்குக்கு உரிய அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் இல்லை. எழுதி அனுப்பியதோடு விட்டாயா? சபைப் பெண்கள் கூட்டத்தில் உன் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னபோது அதையே எடுத்து வாசித்தாய். பெயர் சொல்லவில்லையாம். சபையில் கேக் சுட்டு விற்கிறவள் நான் ஒருத்திதானே!

மறுநாளிலிருந்து போன் வந்தது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த வருசம் கடையிலயே வாங்கிக்கிறோம்." எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு.

"பெத்த மக வயித்துல அடிச்சிட்டியேம்மா" என்று கத்தினேன். நீ திருத்தி வந்த அசைன்மென்ட் பேப்பரைத் திருப்பிக் காட்டினாய்.

"மார்க் எம்புட்டு வந்திருக்கு பாரு" என்றாய்.

விற்காத கேக்கைச் சபைக் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காவது கொடுக்கலாமென்று எடுத்தேன். அதற்கும் குறுக்கே வந்தாய். "நாள் கடந்தத தர்மம்னு குடுக்காத. வாங்குறவனுக்கும் வயிறு இருக்கு." நீ நின்று பார்க்க, நான் குப்பையில் கொட்டினேன். உன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அன்றைக்கு உன்னை வெறுத்தேன், அம்மா. சும்மா கோபமில்லை, வெறுப்பேதான்.

பிறகு நானே அலைந்து பதிவு வாங்கினேன், லேபிள் அடித்தேன். ஆர்டர்கள் மெல்லத் திரும்பி வந்தன. நீ மட்டும் என் கேக்கைத் தொடவேயில்லை. நானும் கேட்கவில்லை. உனக்கு வீம்பு என்றால் எனக்கு மட்டும் இருக்காதா? ஆனால் ஒவ்வொரு முறை அடுப்பைத் திறக்கும்போதும் நீ ஒரு துண்டு கேட்க மாட்டாயா என்றுதான் இருந்தது. நல்லாயிருக்கு என்று உன் வாயால் ஒரு தடவை வந்தால் போதும், அம்புட்டையும் மறந்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது முற்றிப் போயிருந்தது. கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ கேட்டாய். "ஒரு துண்டு கேக் திங்கணும் போல இருக்குடி." ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். சுட்டு, லேபிள் ஒட்டி, சூடு ஆறியும் ஆறாமலும் கொண்டுவந்து உன் மடியில் வைத்தேன். நீ டப்பாவைத் திறக்கவில்லை, திருப்பினாய். கண்ணாடி கேட்டாய்.

"தேதி எங்கடி?"

"அவசரத்துல விட்டுப்போச்சும்மா. இப்பத்தான் சுட்டேன், உனக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். டப்பாவுக்குத் தெரியலையே. நாளைக்குப் போட்டு எடுத்துட்டு வா."

சாகக் கிடக்கிறவளுக்கு இம்புட்டுத் திமிரா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கேக்கைப் பக்கத்துக் கட்டில்காரம்மா சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்று அவர்தான் சொன்னார்.

விடிந்ததும் புதிதாகச் சுட்டேன். முதல் வேலையாக முத்திரை குத்தினேன். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் உன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

உன் கல்லறையில் பொறித்திருப்பதும் அந்த டப்பாவில் நான் குத்தியதும் ஒரே தேதி. டப்பாவைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். துக்கத்துக்கு வந்த சனம் கலைந்து போவதற்குள் அதன் நாளும் கடந்துவிட்டது. எடுத்துக் குப்பையில் கொட்டினேன். நீ சொன்னபடி யாருக்கும் கொடுக்கவில்லை.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் தேதி குத்தாமல் ஒரு டப்பாகூட இந்த வாசலைத் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன் நீ திருப்பின மாதிரியே திருப்பிப் பார்க்கிறேன்.