பினாங்குப் பையனின் கிடார்

786
கடலூர் முதுநகர்
12.8.1968

அன்பு மச்சானுக்கு மெகருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் நானும் மாமியும் சுகம். பினாங்கில் உங்கள் சுகத்துக்குத் தொழுகைதோறும் துஆ கேட்கிறேன்.

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை, தங்கச்சி மலிகா வீட்டில் நபி பேரில் மவுலூது ஓதுகிறார்கள் என்று மாமியிடம் சொல்லிவிட்டுச் சிதம்பரம் போனேன். மவுலூதும் இல்லை ஒன்றும் இல்லை. மலிகாவும் அவள் மாப்பிள்ளையும் என்னை ராக் கச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைக்காரப் பாட்டு. சின்ன ஹால்தான். காலேஜ் பையன்கள் நாலு பேர் கிடாரில் கரண்ட் ஒயர் மாட்டி வாசிக்கிறார்கள், சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. பாடினவன் உங்கள் பினாங்கிலிருந்து படிக்க வந்த பையனாம். நடுவில் கரண்ட் போய்விட்டது. கிடாரெல்லாம் ஊமை. டிரம் அடித்தவன் மட்டும் நிறுத்தவேயில்லை. இருட்டில் எல்லோரும் கை தட்டி அவனுக்குத் தாளம் போட்டார்கள். நானும் தட்டினேன் மச்சான். துப்பட்டி தோளில் நழுவிக் கிடந்ததுகூடத் தெரியவில்லை.

மவுலூதில் கொடுக்கும் நார்சா இனிப்பை மாமி கேட்பார்களே என்று மறுநாள் பஸ் ஸ்டாண்டு கடையில் லட்டு வாங்கிப் போனேன். "நார்சா கொண்டாந்தியாம்மா?" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புள்ள சீக்கிரம் வூடு வந்து சேரணும்" என்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.

நோன்புப் பெருநாளைக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் போய் நாலு வருடமாகிறது. வருவீர்கள்தானே?

தங்கள் மனைவி
மெகருன்னிசா


786
பினாங்கு
29.8.1968

அன்பு மெகருன்னிசாவுக்கு ஹபிபுல்லாவின் சலாம்.

பஸ் ஸ்டாண்டு லட்டுக்கு மவுலூது ஓதிய ஹஜ்ரத்தே! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உம்மா காதில் போட மாட்டேன், பயப்படாதே. பாட்டுக் கேட்டதற்கெல்லாம் யார் கோபிப்பார்கள்?

ஆனால் ஒன்று. பினாங்குப் பையன் என்றதும் என் ஞாபகம் வந்து அழுதிருப்பாயே, அதை ஏன் எழுதாமல் விட்டாய்? அதையும் எழுது. கடை சாத்தியபின் உன் கடிதம்தான் எனக்குத் துணை.

பெருநாளைக்கு வர முடியாது போலிருக்கிறது. முதலாளி இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். நீ பொறுமைசாலி, அந்தத் தைரியம்தான்.

ஹபிபுல்லா


786
கடலூர் முதுநகர்
15.9.1968

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் எழுத உட்கார்வதும் எழுந்துவிடுவதுமாக இருக்கிறேன். 'ஆமாம், அழுதேன்' என்று ஒரு வரி எழுதினால் உங்களுக்குச் சந்தோஷம், எனக்கும் சுலபம். மாமியிடம் சொன்ன பொய்யே இன்னும் உறுத்துகிறது. உங்களிடமும் ஒன்று வேண்டாம்.

ஞாபகம் வரவில்லை மச்சான். அந்தப் பையன் மைக்கில் பினாங்கு என்று ஊர்ப்பேர் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நீங்கள் இருக்கிற ஊர் என்று எனக்கு உறைக்கவேயில்லை. மலிகா வீட்டில் படுத்துத் தூங்கி, காலையில் பஸ் ஏறி, மாமி வாயால் 'எம்புள்ள' என்று கேட்ட பிறகுதான் உங்கள் முகம் வந்தது. அதுவும் சரியாக வரவில்லை. போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

தப்பு என்று எழுதினேனே, அது கச்சேரிக்குப் போனதில்லை. அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அதில் நீங்கள் இல்லை. நினைத்தால் எனக்கே வெட்கமாயிருக்கிறது.

ஒரு வருடம் என்கிறீர்கள். இருங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. வாருங்கள் என்று சொல்ல எனக்கு முகமும் இல்லை.

மெகருன்னிசா


786
பினாங்கு
7.10.1968

மெகருன்னிசாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் முதலில் எடுத்தேன். அவ்வளவு கோபம். இரண்டு நாள் அதைப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்தேன்.

பிறகு, நீ கை தட்டினால் எப்படி இருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை.

நாகப்பட்டினம் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பரவாயில்லை. பெருநாளைக்கு முன்னமே வந்துவிடுவேன். உம்மாவிடம் சொல்.

'ஆமாம், அழுதேன்' என்று நீ எழுதியிருந்தால், இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருந்திருப்பேன்.

ஹபிபுல்லா