தனியாகச் சொல்லாத பதில்

என் உயிருக்கு உயிரான அண்ணே,

போன மழையில் நெஞ்சுச் சளி உங்களைக் கொண்டுபோன பிறகு, தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைமையை என்னிடம் கொடுத்தார்கள். உங்கள் தங்கச்சி என்பதற்காகத்தான். கொழுந்து பறிக்கிறவள் தலைவியா என்று கருப்பையா அண்ணன் அன்றைக்கே எழுந்து போய்விட்டார். உங்களையும் எதிர்த்தே பேசியவர்தானே அவர்.

இப்போது லிந்துலைப் பக்கம் நம் தோட்டத்தில்தான் வேலைநிறுத்தம். சிலோனுக்குச் சுதந்திரம் வந்தும் தோட்டத்தை நடத்தும் துரை வெள்ளைக்காரர்தான். பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார். எதிர்த்துக் கேட்ட மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தி, அவர்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் காலிபண்ணச் சொன்னார். அந்த மூவரில் என் வீட்டுக்காரர், உங்கள் மச்சானும் ஒருவர்.

முந்தாநாள் துரை என்னை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அளவைக் குறைக்கிறாராம், ஆனால் மூன்று பேரும் தோட்டத்தை விட்டுப் போகவேண்டுமாம். உன் அண்ணன் இங்கேயே முடிவு சொல்லிவிட்டுத்தான் போவான் என்றார்.

உண்மைதான். நீங்கள் உள்ளே போவீர்கள், வெளியே வந்து முடிவைச் சொல்வீர்கள், நாங்கள் கேட்போம். அந்தக் கதவுக்குப் பின்னால் உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா அண்ணே?

சரி என்றால் புருஷனைத் தெருவில் விடுகிறேன். இல்லை என்றால் புருஷனுக்காக எல்லார் வயிற்றிலும் அடிக்கிறேன்.

"கேட்டுட்டுத்தான் சொல்லணும் தொரை. இது என் ஒருத்தி முடிவு இல்லைங்க" என்றேன். மறுநாள் காலைவரை தவணை கொடுத்தார்.

மாரியம்மன் கோயிலடியில் எல்லாரையும் கூட்டி, துரை சொன்னதை அப்படியே சொன்னேன். என் வீட்டுக்காரர் விஷயம் என்பதால், கூட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கருப்பையா அண்ணனிடமே கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. வேலைக்குத் திரும்பலாம் என்று ஒரு பக்கம் சத்தம் ஏறியது. உங்கள் மச்சான் குனிந்த தலை நிமிரவில்லை. கருப்பையா அண்ணன் எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில்தான் எழுந்தார்.

"இன்னைக்கு இவங்கள விட்டுட்டா, நாளைக்கு வாயத் தொறக்க யாரு இருப்பாங்க? யோசிச்சுக் கையத் தூக்குங்க."

வேலைக்குத் திரும்புவதில்லை என்று பெரும்பாலோர் கை தூக்கினார்கள்.

நேற்றுக் காலை கருப்பையா அண்ணனும் நானும் இன்னும் இரண்டு பெண்களுமாக ஆபீசுக்குப் போய் அதைச் சொன்னோம். துரை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். சாயங்காலம் பதில் வந்தது. இரண்டு பேருக்கு வேலை உண்டு, உங்கள் மச்சானுக்கு மட்டும் இல்லை.

மறுபடி கூடினோம். இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று முதலில் கை தூக்கியவர்கள், வேலை கிடைத்த அந்த இரண்டு பேரும்தான்.

நாளைக்கு எங்கள் காம்பராவைப் பூட்ட ஆட்கள் வருவார்களாம். வாசலை மறித்து யார் யார் உட்காருவது என்று பெண்கள் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜெயிப்போமா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சத்தியம் அண்ணே. அந்த ஆபீசுக்குள் இனி நான் தனியாகப் போகமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
பாக்கியம்