குழாய் வேண்டாம் என்றவன் குழாய் கேட்டு எழுதுவது

அனுப்புநர்:
குலேது ஷிரே வர்சமே,
மாடு வளர்ப்பவர்,
ஹரோதேர் குடியிருப்பு, வடகிழக்குக் கென்யா.

பெறுநர்:
வட்டாரச் சாலைப் பொறியாளர் அவர்கள்.

பொருள்: எங்கள் பள்ளத்தின் குறுக்கே செல்லும் சாலைக்கு அடியில், அடுத்த மழைக்குள் வடிகுழாய் பதித்துத் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள பள்ளத்தில் மூன்று வருடங்களுக்கு முன் மண்மேடு எழுப்பி லாரிச் சாலை போடப்பட்டது. அதற்கு முன் மழைநீர் நான்கே நாளில் ஓடிவிடும். சென்ற மழையிலோ எழுபது நாள் நின்றது. மாலைத் தொழுகையில் ஓதுகிறவர் குரலையே அமுக்கும் அளவுக்குக் கொசு இரைந்தது.

2. தண்ணீர் தேங்கிய மூன்றாம் வாரம் மாடுகளுக்கு நோய் கண்டது. என் இருபத்திரண்டு சினைப்பசுக்களில் பத்தொன்பது, ஒரே வாரத்தில் செத்த கன்றுகளைப் போட்டன.

3. கன்று செத்தால் பசு பாலை இறக்காது. கன்றின் தோலை உரித்து, பசுவை நக்கவிட்டுக் கறப்பது எங்கள் வழக்கம். என் மனைவி டெகா அந்தக் கன்றுகளை வெறுங்கையால் உரித்தாள். வேண்டாமென்றேன். "பால் வத்திப் போச்சுன்னா புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுப்பீங்க? தள்ளி நில்லுங்க" என்றாள். நான்காம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் ஈறிலும் மூக்கிலும் ரத்தம். ஒன்பதாம் நாள் அடக்கம் செய்தோம். அவள் கறந்த வெள்ளைப் பசு, கறவை நேரத்தில் அவள் உட்காரும் இடத்தையே இன்னும் பார்த்து நிற்கிறது. அந்தப் பக்கம் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

4. கொசுவால் மாட்டுக்கும், செத்த கன்றின் ரத்தத்தால் டெகாவுக்கும் தொற்றிய இந்தக் கிருமி, கொசு முட்டையிலேயே இருக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். காய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பல நாள் தேங்கினால் முட்டை பொரிந்து கொசுவோடு கிளம்புமாம். பள்ளம் இப்போது காய்ந்து கிடக்கிறது. தினமும் அதன்மேல்தான் நடக்கிறோம். காலுக்கடியில் அது உயிரோடு இருக்கிறது.

5. தங்கள் அலுவலகக் குமாஸ்தா ஒரு பழைய காகிதத்தைக் காட்டினார். "அன்னிக்குக் குழாய் வேண்டாம்னு சண்டை போட்டீங்க, இன்னிக்கு வேணுங்கிறீங்க. ஒரு முடிவுக்கு வாங்க பெரியவரே" என்றார். அவர் சொன்னது உண்மை. கோடைக்குத் தண்ணீர் தங்கட்டுமென்று ஊரிடம் கையெழுத்து வாங்கி, வந்து இறங்கிய குழாய்களைத் திருப்பி அனுப்பியவன் நான். முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்தது டெகாவின் கைநாட்டு. அந்த மனுவை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.

6. பசுக்கள் மறுபடி சினையாக உள்ளன. டெகாவின் வேலையை இப்போது என் மகள் இட்மான் பார்க்கிறாள். செத்த கன்றைத் தொடாதே என்றால் சரியென்று தலையாட்டுகிறாள். ஆனால் பசு கத்தினால், தாயைப் போல அவளும் என் பேச்சுக்கு நிற்காமல் கன்றை உரிக்கப் போய்விடுவாள்.

ஆகவே அக்டோபர் மழைக்குள் குழாய் பதிக்க ஆவன செய்யுமாறு மன்றாடுகிறேன். மேகம் கூடியும் யாரும் வராவிட்டால், சாலையை வெட்டித் தண்ணீரை நானே விடுவேன். அது குற்றமென்று தெரியும். வழக்கை என் ஒருவன் பெயரில் போடுங்கள். இட்மானை விசாரித்தால் தானும் வெட்டியதாகச் சொல்வாள். நம்பாமல் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இடம்: ஹரோதேர்
நாள்: ஆகஸ்ட் 11

இங்ஙனம்,
குலேது ஷிரே வர்சமே