முதல் ஆயிரம் கிலோமீட்டர்

4 ஜூன், செவ்வாய்
தபால் நிலையத்திலிருந்து திரும்பும்போது வண்டி நீலப் புகை கக்கியது. மேடு ஏற மாட்டேன் என்றது. டாரிலின் பட்டறையில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். வழியில் யாரும் எதிர்ப்படவில்லை.

6 ஜூன்
டாரில் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது தாத்தா. எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினான். கறுப்பாக, கெட்டியாக அப்பியிருந்தது.

“இது ஆயிலா டீச்சர், இல்ல வெஜிமைட்டா? ரொட்டி இருந்தா தடவிக்கலாம்.”

வால்வையும் கேஸ்கட்டையும் மட்டும் மாற்றினால் ஒரு வருடம் ஓடுமாம். உள்ளதைச் சொல்லி விற்க அது போதும். வைத்துக்கொள்வதென்றால் முழுவதும் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட வேண்டும்.

விற்றால் இங்கே இருக்க முடியாது. மருத்துவரே நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். பிறகு அடிலெய்டுதான், மகன் பிரெண்டன் வீட்டுப் பின்னறை. இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறான். டாரிலுக்குப் பதில் சொன்னால் அவனுக்கும் சொன்னதாகிவிடும்.

7 ஜூன்
பிரெண்டன் போனில்: “எழுபத்திநாலு வயசுல எதுக்கும்மா புது எஞ்சின்? இன்னும் மூணு லட்சம் கிலோமீட்டர் ஓட்டப் போறியா?”

நியாயமான கேள்வி.

8 ஜூன்
வகுப்பில் சொல்வேன்: கணக்கில் கடைசி வரி தப்பென்றால் அந்த வரியை மட்டும் அடி, முதல் வரியே தப்பென்றால் புதுப் பக்கம் எடு. என் தப்பு எந்த வரியில்?

12 ஜூன்
மறுபடி பட்டறை. அதிகம் ஓட்டிவிட்டேனா என்று கேட்டேன்.

“எங்க ஓட்டுனீங்க? மூணு வருஷமா தபாலாபீஸ், கடை, வீடு. சூடேறுறதுக்குள்ள நிறுத்திடுறீங்க. ஓடித் தேஞ்ச எஞ்சின் இல்ல டீச்சர். ஓடாமக் கெட்டது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வீட்டுக்கு வந்த பிறகு — அவனுக்கு என்ன தெரியும்? யாரைப் பாக்க ஓட்டுறது? எனக்குத் தினம் கடுதாசியா வருது? கவுண்டர்ல அந்தப் பொண்ணு குட் மார்னிங் சொல்லுவா. அதுக்குத்தான் போறேன்.

13 ஜூன்
முழுவதும் பிரிக்கச் சொல்லிவிட்டேன். பிரெண்டனிடம் சொல்லவில்லை.

23 ஜூன், ஞாயிறு
இன்று கெட்டிலோடு மட்டும் பேசினேன்.

9 ஜூலை
டாரில் சாவியைத் தந்தான். “முதல் ஆயிரம் கிலோமீட்டர் நீளமா ஓட்டணும், வேகத்த ஏத்தி எறக்கி. அப்பத்தான் பிஸ்டன் ரிங் படியும். தபாலாபீஸ் பக்கம் பாத்தேன், சாவியப் புடுங்கிடுவேன்.”

ஆயிரத்துக்கு எங்கே போவது? பிரெண்டனிடம், வியாழக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

11 ஜூலை, வியாழன் — அடிலெய்டு
ஏழு மணிக்குக் கிளம்பினேன். எதிரே வந்த வண்டிகளில் எல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரல் உயர்ந்தது. நானும் உயர்த்தினேன். யுண்டா ஊர் வருவதற்குள் பதினேழு பேர். ஊரில் ஒரு மாதத்துக்கு இத்தனை பேர் கிடையாது. பர்ராவைத் தாண்டி நகரப் பக்கம் வந்ததும் யாரும் உயர்த்தவில்லை. நான் மட்டும் கொஞ்ச தூரம் உயர்த்திக்கொண்டே வந்தேன்.

பிரெண்டன் வாசலில் நின்றிருந்தான். பின்னறைக்குப் புதுத் திரை போட்டிருக்கிறானாம். என் பையை எடுத்தவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“மத்த சாமான்லாம் எப்பம்மா வருது?”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் இது போதும்டா.”

அவன் பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அதில் அவ்வளவு கனம் கிடையாது.