ஸ்டார்ட்டர் மோட்டாரும் சம்பந்தியின் இடது கையும்

புதுப்பட்டினம்,
16 நவம்பர் 2025.

அன்பு மகள் பிரதீபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுடைய முழங்காலும் என்னுடைய ரத்த அழுத்தமும் வழக்கம்போல. அந்த ஸ்வீடன் குளிரில் உனக்கும் மாப்பிள்ளை ஆல்வினுக்கும் பாப்பாவுக்கும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது உரக்கச் சொல்கிறாள், நான் மனதுக்குள் சொல்கிறேன். கைப்பேசி இருக்க, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். கைப்பேசியில் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்துவைத்தாலும் மீதி எழுத்து உள்ளேயே இருக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன மாதம் வீடியோவில் பாப்பா இடது கையில் கரண்டியைப் பிடித்துக் கஞ்சி தின்றதைப் பார்த்துவிட்டு, கையை மாற்று, இப்போதே திருத்து என்றேன். அந்தச் சம்பந்தி வீட்டுப் பழக்கம் தொற்றிக்கொள்ளப் போகிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். நீ, உங்க கோபமெல்லாம் உங்களோடயே இருக்கட்டும்பா, நாங்க நேரா கோவளத்துக்கே போயிடறோம் என்று சொல்லி வைத்தவள்தான், அதற்குப் பிறகு அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். டிசம்பர் இருபதாம் தேதி மீனம்பாக்கத்தில் இறங்குகிறீர்கள் என்பதே எனக்கு அவள் வழியாகத்தான் தெரியும். கோவளத்திலிருந்து ஆல்வினின் அப்பா மோசஸ் வேன் வைத்துக்கொண்டு வரப்போகிறார் என்பதும் அப்படியே. நீ காலேஜில் சேர்ந்த நாள் முதல் எந்த ரயிலில் வந்தாலும் எந்த பஸ்ஸில் வந்தாலும் வெளியே நம் வண்டி நின்றிருக்கும். இப்போது முதன்முதலாகப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறாய், யாரோ ஒருவருடைய வேனில் ஏறிப் போகப்போகிறாய். இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை.

இதில் வண்டியும் என்னைக் கைவிட்டது. ஆயுத பூஜையன்று கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அம்மா கற்பூரம் காட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருகினால் மறுபடி டிக். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டு, உங்க கோபத்துல பாதி இந்த வண்டிக்கு இருந்தா இந்நேரம் டெல்லிக்கே போயிருக்கும் என்றாள். நசுங்காத எலுமிச்சம்பழங்களை எடுக்கவும் விடவில்லை. வைத்தது வைத்ததுதான், வண்டி ஏறித்தான் நசுங்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஒன்றரை மாதம் அவை போர்ட்டிகோவிலேயே கிடந்து கொட்டைப்பாக்கு மாதிரி காய்ந்தன. மெயின் ரோடு மெக்கானிக் எல்லப்பனைக் கூட்டிவந்து காட்டினேன். பேட்டரி நல்லா கீது சார், ஸ்டார்ட்டர்தான் பூட்ச்சி, ஆனா அது கீற எடம் பேஜாரு புட்ச்ச எடம், கை பூராது, வுட்டுட்டுப் போங்க, பொங்கல் கயிச்சி பாக்கலாம் என்றான். பொங்கலுக்கு நீங்கள் திரும்பிப் போயிருப்பீர்கள். என்னைவிட ஆறு வருஷம் பின்னால் சேர்ந்தவனைத் தலைவனாக்கிவிட்டு என்னைப் பொறுத்திருக்கச் சொன்ன ஆபீஸையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லப்பனுக்காகவா பொறுத்திருப்பேன்? நானே மாற்றுவது என்று தீர்மானித்தேன். செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய்ப் புது மோட்டாரை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நல்ல கனம். பக்கத்து சீட்டுக்காரர் என்ன சார் இது, ஜூஸ் மிஷினா என்று கேட்டார்.

நம் வண்டியில் அந்த மோட்டார் எஞ்சினுக்குப் பின்பக்கம், காற்றுக் குழாய்களுக்குக் கீழே, கியர் பாக்ஸை ஒட்டி ஒளிந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, கீழே படுத்துப் பார்த்தால் பாதி தெரியும். அதைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். கீழ் போல்ட்டை ஸ்பேனர் போட்டுக் கழற்றிவிடலாம். மேல் போல்ட்டைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றினேன், ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தேன், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன், பயணி பக்கத்து முன்சக்கரத்தையும் கழற்றிவைத்தேன். இந்தக் கடல்காற்று மோட்டாரின் ஒயர் நட்டைப் பச்சைப் பூ பூக்க வைத்திருந்தது, போல்ட்டெல்லாம் உப்புத் துரு. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறப்போட்டேன். பழைய மோட்டாரைக் கழற்றிக் கீழே இறக்குவதற்குள் என் முழங்கையில் தோல் இல்லை. கழற்றியதாவது பரவாயில்லை, புதியதை மாட்டுவதுதான் ஒருவரால் ஆகாத காரியம். ஒருவர் கீழே படுத்து மோட்டாரை ஓட்டைக்கு நேரே ஏந்திப் பிடிக்கவேண்டும், அதே நேரம் இன்னொருவர் சக்கரம் இருந்த சந்து வழியாகக் கையை விட்டு மேல் போல்ட்டைத் திருகவேண்டும். அந்தச் சந்தில் இடது கைதான் நுழையும், வலது கையை ஸ்டியரிங் ராடு தடுக்கிறது. என் இடது கைக்குப் பேப்பரைப் புரட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் மோட்டாரை ஏந்திக்கொண்டு அம்மாவைத் திருகச் சொன்னேன், அவளும் முழங்கால் வலியோடு உட்கார்ந்து முயன்றாள், போல்ட் மூன்று முறை என் நெற்றியில் விழுந்தது. நான்காவது முறை அவள், இது நம்மால ஆகாது, நான் சம்பந்திக்கு போன் பண்றேன் என்று எழுந்தாள். பண்ணினால் நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரமாட்டேன் என்றேன். வரவேண்டாம், அங்கேயே இருங்க என்று சொல்லிவிட்டுப் போய் போன் பண்ணிவிட்டாள்.

மோசஸை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குத் தெரியாததல்ல. உன் கல்யாண வரவேற்பில், என் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் கேக் துண்டை இடது கையால் என் வாய்க்கு நேரே நீட்டினார். பெண்ணைக் கொடுத்தவனுக்குச் செய்யும் மரியாதையா அது? ஆல்பத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் படம் இருக்கிறதே, அது அந்த நிமிஷம் எடுத்ததுதான். மூன்று வருஷமாக அவரோடு நான் பேசவில்லை.

கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். நான் சொன்னபடி வண்டிக்கு அடியில்தான் இருந்தேன், அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. குனிந்து பார்த்து, இன்னா சம்பந்தி, வெறுந்தரையில பட்த்துகினு கீறீங்க, ஒரு பாயாச்சும் போட்டுக்கக் கூடாதா என்றார். நான் முகத்தை மோட்டார் பக்கம் திருப்பிக்கொண்டேன். போல்ட் எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் வேலை ஒன்றும் அவருக்குத் தெரியாது, முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சந்து வழியாக அவருடைய இடது கை உள்ளே வந்தது. என் முகத்துக்கு மேலே அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டையைத் தடவியது, போல்ட்டை விரல் நுனியில் நிறுத்தியது, ஆணி அடிப்பதுபோல் இல்லாமல் பூ கட்டுவதுபோல் மெதுவாகச் சுற்றியது. என்னையும் அறியாமல், நொட்டாங்கையா உங்களுக்கு என்று கேட்டுவிட்டேன். அதுதான் மூன்று வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் சிரித்தார். பொறந்ததுலேர்ந்தே அதாங்க, இஸ்கூல்ல வாத்யாரு இந்தக் கைய பெஞ்சோட கட்டிப் போட்டாரு, அடங்கல, டிக்கெட்ட இந்தக் கையால குட்த்து ஏறுற கெயவிங்க கிட்டல்லாம் வாங்கிக் கட்டிகினேன், இன்னிக்கித்தான் இதுக்கு ஒரு மருவாதி வந்துகீது என்றார். சொல்லிக்கொண்டே, யோவ் ஏத்துயா, இன்னும் கொஞ்சம், நிப்பாட்டு நிப்பாட்டு, புட்ச்சிகிச்சி என்று கத்தினார். நானும், விட்டுடாதய்யா, சுத்து சுத்து என்று கத்தினேன். சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்து, என்ன, சண்டையா என்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். கீழ் போல்ட்டை முறுக்கி, ஒயரை மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, வண்டியை இறக்கினோம். முன்பக்கத்து எலுமிச்சம்பழம் இரண்டையும் அம்மா மறக்காமல் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தாள். நான் சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. முன்னால் நகர்த்தினேன், காய்ந்த பழம் நான்கும் பொரி மாதிரி நொறுங்கின. மோசஸ் கை தட்டினார். பிறகு அவர் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார், நான் கை முழுக்க கிரீஸோடு சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார். அதே கைதான். வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு என்னிடம் சொல்லாமல் மண்டபம் பேசினது, கல்யாணப் பத்திரிகையில் என் பட்டத்தைப் போடாமல் விட்டது, இதெல்லாம் அப்படியே இருக்கிறது, நேரில் வந்ததும் ஒவ்வொன்றாகப் பேசுவோம். கேக் விஷயத்தை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வேனை வேண்டாம் என்று மோசஸே சொல்லிவிட்டார். இருபதாம் தேதி நானும் அவரும் நம் வண்டியில் வருகிறோம். கிறிஸ்துமஸ் வரை கோவளத்தில் இருங்கள், அதற்கு மறுநாள் நானே வந்து இங்கே அழைத்துவருகிறேன், வருவாய் என்றுதான் மாடி அறைக்குக் கொசுவலை அடித்திருக்கிறேன். மழை விடாமல் பெய்கிறது, பாப்பாவுக்கு முழுக்கைச் சட்டை எடுத்துவா. ஆல்வினை விமானத்தில் வெறும் வயிற்றோடு உட்காரவிடாதே. உங்கள் மூவருக்கும் நோய் நொடி இல்லாத நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் அமையட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மா இன்னமும் வீடியோவில் கரண்டியை மாற்று மாற்று என்கிறாளாமே, அவள் பேச்சைக் கேட்காதே. பாப்பா எந்தக் கையில் பிடிக்கிறாளோ அந்தக் கையிலேயே இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
ராகவன்.